உடைக்காத மாதிரிச் சாவி

என் அக்கா புருஷன் சாவி செய்பவர். சபையில் அவருக்கு 'உளவுத்துறை' என்று பட்டப்பேர். பாதிரியார் செருப்பை மாற்றினால்கூட ஏன் மாற்றினார் என்று யோசிப்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் சாப்பாடு இறங்காது.

தொழிலில் மட்டும் படு கண்டிப்பு. முதலில் மெல்லிய தகட்டில் ஒரு மாதிரிச் சாவி வெட்டுவார். அது சரியாக வந்தபிறகுதான் நல்ல சாவி. வேலை கொடுத்தவர் கண் முன்னாலேயே அந்த மாதிரியை உடைத்துப்போடுவார். அக்கா தன் இரும்புப் பெட்டியின் சாவி வளைந்துவிட்டது என்று வந்தபோது மட்டும் உடைக்கவில்லை. வீட்டு ஆள்தானே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா, "தங்கச்சியப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாம் செவ்வாய் காலையில் அவள் போனதும் அத்தான் எனக்குப் போன் போட்டார்.

"அக்கா அங்க வந்தாளா?"

"இங்க வந்து ஒரு மாசமாச்சே அத்தான்!"

என் வாயை நானே தைத்திருக்க வேண்டும்.

அத்தான் கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். மனசு சும்மா இருக்கவில்லை. நீ கெட்டதா செய்யப்போகிறாய்? குடும்பத்தைத்தானே காப்பாற்றுகிறாய் என்றது. புருஷன்தானே தலை என்று பைபிள் வசனத்தைக்கூட எடுத்துக்கொடுத்தது. வனாந்தரத்தில் ஆண்டவரைச் சோதிக்க வந்த பிசாசும் வேத வசனம்தான் சொன்னான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்தே போயிற்று.

சாவியை உள்ளே விட்டார். திருப்பப்போகும்போது வாசல் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. போட்டது அவர்தான். நியாயமான வேலைக்கு எதற்குத் தாழ்ப்பாள்? "ஆண்டவரே, என்னால முடியல" என்று வாய்விட்டே சொன்னாராம். ஜெபம் அவ்வளவுதான். சாவியை உருவி இரண்டாக உடைத்தார். கதவை அகலத் திறந்துவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அக்கா வந்தாள். உடைந்த துண்டுகளை அவள் கையில் கொடுத்து, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். மார்ல ஒரு கட்டி. போன வாரமே டெஸ்ட் முடிவைக் கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க. பிரிக்கப் பயந்து பெட்டியில வச்சுட்டேன். இன்னிக்கு டாக்டர் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னை நோட்டம்தானே விட்டீங்க."

அக்கா தன் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே திறங்க. தனியாப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

முப்பது வருஷம் பூட்டோடு வாழ்ந்த மனுஷனுக்கு அன்றைக்குச் சாவித்துவாரம் அகப்படவில்லை. அக்காதான் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.