வயிற்றில் கட்டி என்று சொன்ன ஆறு மாதம்

எனக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது இரண்டாயிரத்து ஏழிலோ எட்டிலோ. அந்த வாரமே என் மனைவி சர்ச் ஜெபக் குறிப்பில் "வயிற்றில் கட்டி" என்று எழுதிக் கொடுத்தாள். பெண்கள் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்களே, அந்த இடத்தின் பெயரை எப்படி எழுதுவது என்றாள். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷம் பள்ளியில் உயிரியல் நடத்தியவனுக்கே வெட்கம்.

அதன் பலனை ஆறு மாதம் அனுபவித்தேன். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிற சபையார் எல்லோரும் கஞ்சி கொண்டுவந்தார்கள். கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து விற்கும் மீன்கார அம்மாகூட எங்கள் கேட்டில் கூடையை இறக்கவில்லை. "வவுறு சரியில்லாத மன்சனுக்கு மீனு குட்த்து, அந்தப் பாவம் எனக்கு இன்னாத்துக்கு சார்?" என்று போய்விட்டார். என் வயிறோ கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

அதையெல்லாம் சிரித்துத் தள்ளலாம். ஒன்றுதான் உறுத்தியது. பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடும் என் நண்பர், டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்றவர், ஆராதனை முடிவதற்குள் மூன்று முறை எழுந்து பாத்ரூம் போவார். வயதானால் பலருக்கும் இருப்பதுதான். ஆனால் எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. டெஸ்ட் எடுங்கள் என்று சொன்னால் என் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லாமலே வீடு திரும்பினேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான், கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகள், இம்யூனோதெரபி பற்றி ஒரு கட்டுரையை அச்செடுத்து வந்தாள். நம் நோய் எதிர்ப்பு அணுக்களையே நோயோடு மோத விடுகிற வைத்தியம். டாக்டரிடம் காட்டினேன்.

"இன்னும் ட்ரையல்லதான் சார் இருக்கு. இங்க வர நாளாகும். உங்களுக்கு ஊசி நல்லா கேக்குது, அதையே கன்டின்யூ பண்ணுவோம்."

எனக்கு ஏமாற்றமே இல்லை. புதுப் பாடம் கிடைத்த சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு நண்பருக்கு விளக்கினேன்.

"கேன்சர் செல்லும் நம்ம உடம்புலேர்ந்து வந்ததுதானே? வெள்ளையணு அதைச் சொந்தக்காரன்னு விட்டுடுது. இப்ப அந்த அணுக்களைப் பிரிச்சு எடுத்து, லேப்ல வெச்சு, இவன்தான் ஆளுன்னு அடையாளம் காட்டி, திரும்ப உள்ள அனுப்பிப் பாக்கறாங்க."

"வயித்துக் கட்டிக்கா, வாத்தியாரே?"

தப்பாகப் பாடம் நடத்த எனக்கு வராது.

"புராஸ்டேட்டுக்கு. எனக்கு இருக்கறதும் அதுதான். வயிறுன்னு சொன்னது பொய். நீங்களும் அடிக்கடி எழுந்து போறீங்க. நாளைக்கே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வருஷமா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்" என்றார்.

நான் போட்டு உடைத்ததற்காக மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து நண்பர் வீட்டுக்கு வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய வஞ்சிரம். கோவளத்துக்கே பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறார்.

"இருக்குதாம். ஆனா ஆரம்பத்துலயே பாத்துட்டோம், ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றார்" என்றார். கட்டைக்குரல் உடைந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உமக்குத்தான் வயித்துல ஒண்ணும் இல்லையே, பொரிச்சுச் சாப்பிடும்" என்றார்.

மீனை வாங்கிக்கொண்ட என் மனைவியிடம், "சிஸ்டர், ஜெபக் குறிப்புல என் பேரையும் சேத்துடுங்க" என்றார்.

"என்னன்னு எழுதட்டும்?"

"இருக்கறத இருக்கறபடி."

அவள் மீனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதினாள். பக்கத்தில் புராஸ்டேட் என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.