குத்துவாளுக்கு ஒரு குறை

கத்தியின் தரத்தைக் கேட்டு வருபவர் தரத்தைத் தெரிந்துகொள்ள வருவதில்லை. கடையில் அமர்ந்து அல்லற்படும் அன்பர்கள் இதனை அறிவார்கள். தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கள்ளக்குறிச்சியில் என் தம்பி நடத்தும் இரும்புக் கடையில் கத்திகளைத் தரம் பார்ப்பது என் வேலையாயிற்று.

பிடிக்குள் வால்

வடக்கனந்தல் விவசாயி முருகன் எங்களிடம் மண்வெட்டி வாங்குபவர். ஒருநாள், இணையத்தில் வாங்கிய குத்துவாள் ஒன்றை என்முன் வைத்தார். இருபுறமும் கூர், கறுப்புப் பூச்சு, பார்வைக்கு மிடுக்கு. முறைப்படி ஆராய்ந்தேன். எஃகு மென்மையானது, கூர் நிற்காது. பிடிக்குள் செல்லும் அலகின் வால் மிகக் குட்டை, ஓங்கினால் கழன்றுவிடும். விரலைக் காக்கும் குறுக்குத் தகடு வெறும் வார்ப்பு. கொடுத்த விலையில் கால்பங்கும் பெறாது என்றேன்.

முருகன் முகம் வாடவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பங்காளியோடு அவருக்குப் பகை.

"வெலைய வுடுங்க சார். இத்தப் பாத்தா அவன் பயப்படுவானா, மாட்டானா?"

பிழைதிருத்தம்

அடுத்த முறை வேறொன்றோடு வந்தார். நல்ல கார்பன் எஃகு. முறையாகப் பதம் ஏற்றியது. வால் பிடியின் கடைசிவரை ஓடி, ஆணிகளால் இறுகியிருந்தது. எடை கைக்குள் சமனாக நின்றது. நான் சொன்ன குறைகளை மனத்தில் வைத்து, அவற்றை நீக்கி வாங்கியிருக்கிறார். என் மாணவருள் ஒருவரும் பிழைதிருத்தத்தை இவ்வளவு சிரத்தையோடு கற்றதில்லை.

"நீங்க சொன்ன குத்தம் ஒண்ணுகூட இதுல கெடயாது சார், பாத்துக்கோங்க."

செல்வியின் வேண்டுகோள்

மறுநாள் அவர் மனைவி செல்வி தனியே வந்தார். கணவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டே கழனிக்குப் போகிறாராம். காய் நறுக்கவாவது ஆகுமா என்றார். ஆகாது, இருபுறமும் கூர், அழுத்தும் விரலை அறுக்கும் என்றேன்.

"அவுரு உங்க பேச்சத்தான் நம்பிக்கினு கீறாரு. மட்டமான சரக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், தூக்கிப் போட்டுடுவாரு."

வினைத்தொகை

மாலையில் முருகன் அதைக் கூர் தீட்ட வந்தார். "இது குறையுடைய கத்தி" என்றேன். "இன்னா கொற சார்?" என்றார். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே இலக்கணத்தைப் பிடித்தேன். குத்துவாள் என்பது வினைத்தொகை. குத்திய வாளா, குத்துகின்ற வாளா, குத்தும் வாளா என்று சொல்லில் காலம் தெரியாது. அத்தகைய பொருள் வீட்டில் இருத்தல் தகாது என்றேன். முருகன் சிரித்தார், அதை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"காலத்த நான் பாத்துக்கறேன் சார்."

மட்டமானதை மட்டம் என்று சொல்லக் கண் போதும். நல்லதை மட்டம் என்று நம்பும்படி சொல்லத் தனித் திறமை வேண்டும், அது எனக்கு வாய்க்கவில்லை.