மூன்றரை மணி விலை

ராஜினாமாவை அனுப்பிவிட்டுத்தான் வேலை தேட ஆரம்பித்தேன். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். விலகுகிறேன் என்று சொன்ன பிறகும் மூன்று மாதம் பழைய ஆபீசிலேயே இருந்தாக வேண்டும். புதிய இடத்தில் கூப்பிடுகிறவர்களோ அடுத்த மாதமே வர முடியுமா என்கிறார்கள். ஆகவே முதலில் விலகு, பிறகு தேடு. அந்த மூன்று மாதமும் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் நிற்கவில்லை.

கிண்டியில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கு ரிப்போர்ட் தயாரித்துக்கொண்டிருந்தேன். யாரோ போட்ட கணக்கை யாரோ படிப்பதற்காக அழகுபடுத்தித் தரும் வேலை. எனக்கு அந்தக் கணக்கைப் போடுகிறவளாக வேண்டும் என்று ஆசை. குவாண்ட் என்பார்கள். பங்குகளின் பழைய விலைகளை வைத்துக்கொண்டு, எதை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று கணிதத்தாலும் புரோகிராமாலும் கண்டுபிடிக்கிற ஆட்கள். கல்லூரியில் கணிதம் படித்தவள் நான். படித்ததையெல்லாம் அட்டவணைக்குக் கலர் அடிக்கத்தான் பயன்படுத்துகிறேன் என்ற எரிச்சல் வருடக்கணக்காக உள்ளே இருந்தது.

இதைக் கற்றுக்கொள்ள இணையத்தில் இல்லாதது இல்லை. அதுதான் தொல்லையே. நிகழ்தகவிலிருந்து தொடங்கு என்றார் ஒருவர். முதலில் அணிக் கணிதத்தை ஒழுங்காகப் படிக்காமல் இந்தப் பக்கம் வராதே என்றார் இன்னொருவர். அதெல்லாம் வீண், நேராகப் பைத்தானில் புரோகிராம் எழுதிப் பழகு என்றார் மூன்றாமவர். இந்தப் புத்தகங்கள் மட்டும் போதும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். ஒருவர் பட்டியலில் இருந்தது மற்றவர் பட்டியலில் இல்லை. அத்தனையும் இறக்கி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் முதல் இரண்டு அத்தியாயங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்றாவதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு வீடியோ பார்ப்பேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். அந்தப் பேராசிரியர்கள் இயல்பான வேகத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது நான் மனதுக்குள் பகடை உருட்டிக்கொண்டிருந்தேன். இன்டர்வியூவில் அந்த மாதிரிப் புதிர்கள்தான் கேட்பார்களாம். கர்த்தர் மன்னிப்பாராக.

கடைசியில் பட்டியல்களின் மேல் வெறுப்பு வந்து, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினேன். தினமும் காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது எந்தப் பங்கை வாங்கலாம் என்று அது முடிவு செய்யும். பழைய வருடங்களின் விலைகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்கே இது இருந்திருந்தால் எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று ஒரு கோடு வரைந்து காட்டியது. கோடு படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. சந்தையே சரிந்த காலத்திலும் அது பாட்டுக்கு ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கோட்டை நம்பித்தான் ராஜினாமா கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. அம்மா மட்டும், "உங்கப்பா மாதிரியே நீயும் கையில இருக்கிறதை விட்டுட்டு நிக்கப் போறே" என்றாள்.

அம்மா சொன்னது படப்பை நிலத்தை. அப்பா எந்தக் காலத்திலோ அங்கே இரண்டு கிரவுண்ட் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். நான் பள்ளியில் சேர்ந்த சமயத்தில் அதை விற்றுவிட்டு சிட்லபாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டினார். அதற்குப் பிறகு பக்கத்தில் ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தன. படப்பையில் விலை எங்கேயோ போய்விட்டது. அம்மா அதை விடாமல் விசாரித்து வைத்திருப்பாள். இன்று ஒரு கிரவுண்ட் என்ன விலை என்று அவளைக் கேட்டால் தரகரைக் கேட்க வேண்டாம். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டி, "இதுக்குப் பின்னாடிதான் நம்ம இடம். இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பாள். அப்பா சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொள்வார். அப்பாவுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் போதாது என்று நம்பித்தான் நானும் வளர்ந்தேன்.

பெருங்குடியில் பங்கு வர்த்தகம் செய்யும் ஒரு சின்ன நிறுவனம் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பகடைப் புதிரும் இல்லை, நாணயப் புதிரும் இல்லை. என்னைவிட வயதில் சின்னவளாகத் தெரிந்த ஒரு பெண் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கோட்டைப் பார்த்தாள். நான் பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் புரோகிராமில் மேலும் கீழும் போய் ஒரு வரியில் நின்றாள்.

"காலையில ஆர்டர் போடும்போது இந்த நம்பர் உங்க கையில இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

குரலில் கிண்டல் இல்லை. அந்த வரியைப் பார்த்தேன். அன்றைய முடிவு விலை. சந்தை மூடும் மாலை மூன்றரை மணிக்குத்தான் அது தெரியும். என் புரோகிராம் அதைப் பார்த்துவிட்டு, காலை ஒன்பதேகாலுக்கு வாங்கியிருக்கிறது. மேட்ச் முடிந்து ஸ்கோரைப் பார்த்த பிறகு பந்தயம் கட்டியிருக்கிறது. இந்தத் தவறு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் தலைகீழ்ப் பாடமாக வைத்திருந்த இரண்டாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. இதற்கு இங்கிலீஷில் உள்ள பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "இருந்திருக்காது" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். முந்தின நாள் விலையை வைத்து முடிவு செய், அவ்வளவுதான். படிக்கட்டு போய்விட்டது. கோடு தரையோடு கிடந்தது. தரகுக் கட்டணத்தையும் கழித்தால் லேசாகக் கீழே இறங்கியது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்ததும், திருத்திய கோட்டை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, நீங்கள் சொன்னது சரி என்று எழுதினேன். எதையும் எதிர்பார்த்து அல்ல, வெறும் வீம்புக்குத்தான் அனுப்பினேன்.

சனிக்கிழமை பதில் வந்தது. நான் கேட்ட வேலை இல்லை. ஆனால் மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் இந்த மாதிரித் தவறுகளைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும், ஆறு மாத ஒப்பந்தம், அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது, சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பழைய ஆபீசில் மேனேஜரும், மனசு மாறினால் திங்கட்கிழமை காலைக்குள் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள், சம்பளமும் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அதுவே கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரகடத்தில் சித்தி கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அப்பா முன்னால், அம்மா பின்னால். முடிச்சூர் தாண்டும்வரை அம்மா என் விஷயத்தைத்தான் பேசினாள். அந்த வேலையை அப்போதே விட்டிருக்கக் கூடாது, இன்டர்வியூவுக்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டியிருக்க வேண்டும், தனக்கு அன்றைக்கே தெரியும் என்று வரிசையாகச் சொன்னாள். படப்பை கடைத்தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. அந்த மண்டபம் இடது பக்கம் தெரிந்தது. "இதுக்குப் பின்னாடிதான். இருந்திருந்தா இன்னைக்கு" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பாவின் கை சீட் பெல்ட்டுக்குப் போயிற்று.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக அம்மா மூன்றரை மணி விலையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் ஒன்பதேகால் மணி முடிவுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். கூட உட்கார்ந்து நானும் போட்டிருக்கிறேன்.

"அம்மா, நீ இப்பவே சொல்லிடு" என்றேன். "பழைய வேலையிலயே இருக்கட்டுமா, புதுசுல சேரட்டுமா? ரெண்டு வருஷம் கழிச்சு சொல்லக் கூடாது. இன்னைக்கு சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

வம்புக்குத்தான் ஆரம்பித்தேன். கேட்டு முடித்தபோது நிஜமாகவே அவள் பதில் எனக்குத் தேவைப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா மண்டபத்தைப் பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள்.

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். முன்னால் நின்ற லாரி கொஞ்சம் நகர்ந்தது.

"இடத்தை விக்கட்டுமான்னு நான் கேட்டப்பவும் நீ இதையேதான் சொன்னே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்னால் நீட்டினாள். அப்பா வாங்கிக் குடித்தார்.

சித்தி வீட்டு வாசலில் அவர்கள் இருவரும் இறங்கிப் போனதும், காரில் இருந்தபடியே பெருங்குடி நிறுவனத்துக்கு, சேருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். அது சரியா தவறா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, ஆகவே இப்போதும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது மறுபடியும் அந்த மண்டபம் வந்தது. அம்மா எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இங்கதான் இருந்துச்சு" என்றார். "நல்ல இடம்."