புரட்டாசியில் கருடனுக்கு மீன்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பசி ஒரு பறவையின் கையில் இருந்தது. வானத்தில் கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் அம்மா பெருமாளுக்குத் தளிகை போடுவாள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு இலை. சர்க்கரைப் பொங்கலும் உளுந்துவடையும் அடுக்களையில் மணந்துகொண்டிருக்க, நாங்கள் மொட்டைமாடியில் அண்ணாந்து நிற்போம். அப்போது மதுரையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. வானம் மட்டும் தாராளமாக இருந்தது.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வாரம் முழுக்க அவர் வீட்டில் பேசுகிற பேச்சை ஓர் உழக்கில் அளந்துவிடலாம். மாடியேறிவிட்டாலோ, திருவாதவூர்க் கண்மாய்க்கரையில் திரிந்த பையன் அவருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பான். தென்னங்கீற்றில் உட்கார்ந்து தேனீ பிடிக்கும் பச்சைக் குருவியைக் காட்டி, அது பஞ்சுருட்டான் என்பார். கொக்குகள் வரிசையாக வைகைப் பக்கம் போனால் நின்று பார்ப்பார். "வாலு பிளந்திருந்தா பருந்து. கழுத்தும் நெஞ்சும் வெள்ளை, ஒடம்பு செங்கல் நிறம்னா அதான் கருடன்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அம்மா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள், சிரிப்பாள். கீழே இருக்கும்போது அவர்கள் இருவரும் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

எங்களோடு தங்கி மில்லில் வேலை பார்த்த தாய்மாமாவுக்குத்தான் இந்தக் காத்திருப்பு வேப்பங்காயாகக் கசந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர், பாவம், பசி தாங்கமாட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் கையில் ஒரு கூடையோடு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே சாட்சாத் கருடன்! பறவை பிடிக்கிற யாரிடமோ வாங்கி, காலில் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, கண்ணு குளிரப் பாத்துக்க. இனிமே சனிக்கெழமைன்னா விடிஞ்சதும் எலையப் போட்டுரலாம்" என்றார்.

அம்மாவுக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "கட்டிப்போட்ட சாமியப் பாத்துட்டுச் சோறு திங்கவாடா நான் இம்புட்டு நேரம் வெயில்ல நிக்கிறேன்? அவுத்து விடு!"

அப்பா அதை மாடிக்குத் தூக்கிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். அது பறக்கவில்லை. பிடித்தபோது இறக்கையில் அடிபட்டிருக்க வேண்டும். தத்தித் தத்திப் போய்ச் சுவர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. அது வாய் வைக்காமல் தானும் வாய் வைப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அம்மா முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி.

பெருமாள் வாகனத்துக்கு வேறென்ன கொடுப்போம்? வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டது. வடையைப் பிட்டு வைத்தோம். தயிர்சாதத்தை மிதித்துக்கொண்டு நடந்தது. மாமாதான் மனம் ஒடிந்து, "தயிர்சாதமாச்சும் தொடும்னு நெனச்சேன்" என்றார். அவருக்கும் அன்று இலை போடவில்லை. அடுத்த வீட்டுப் பூனை வந்துவிடாமல் நானும் அவரும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ போனார். திரும்பி வந்தவர், தோளில் கிடந்த துண்டுக்குள் ஏதோ மறைத்துக்கொண்டு நேராக மாடியேறினார். இலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அயிரை மீன்! புரட்டாசியில் முட்டை ஓடுகூட எங்கள் வாசல்படியைத் தாண்டாது. அம்மா மீனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கோபுரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"எம் பாத்திரத்துல மட்டும் வச்சிராதீங்க" என்றாள்.

கருடன் ஒரு மீன்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்று அம்மா சாப்பிட்டபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். அந்த மாதம் முழுக்க அப்பாவின் துண்டில் மீன் வாடை அடித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசிச் சனிக்கு முந்தின நாள் கருடன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, காக்கைகள் விரட்ட விரட்டப் பறந்து போயிற்று. மாமா கை தட்டினார்.

மறுநாள் விடிந்ததும் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் அம்மா ஈரத்தலையோடு அண்ணாந்து நின்றாள். தென்னை மரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்றைக்குச் சீக்கிரம் சாப்பாடு என்று எனக்கு ஒரே குஷி.

அவளோ உள்ளே வந்து அப்பாவிடம், "இன்னும் காணோமே. மேல போயிப் பாப்பமா?" என்றாள்.

"அம்மா, இப்பத்தான கெணத்தடியில பாத்தே?" என்றேன்.

"அது பருந்துடி" என்று சொல்லிவிட்டு அப்பாவுக்கு முன்னால் மாடிப்படி ஏறினாள்.

வெள்ளைக் கழுத்தை நான் தெளிவாகப் பார்த்திருந்தேன். உச்சிவேளை வரை அப்பா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இருந்தார், அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. தளிகை போட்டதும் எல்லோரும் கோவிந்தா சொல்ல, நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மாவுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடு பெருமாளே என்று வேண்டிக்கொண்டேன்.