நாற்பத்தெட்டு ஜோடி

என் வண்டியில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற டூர் பஸ் என்றால் சும்மாவா? தரை முழுக்கக் கம்பளம், மேலே கலர் கலராக லைட், பின்னால் நெஞ்சை அதிர வைக்கிற ஸ்பீக்கர். அதில் ஒருத்தன் சேற்றுக் காலோடு ஏறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதற்காகவே படிக்கட்டை ஒட்டி நீளமாக ஒரு தகரப் பெட்டி அடித்து வைத்திருந்தேன். எல்லார் செருப்பும் அதற்குள் போய்விட வேண்டும்.

அந்தப் பெட்டியால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை எடுக்கும் முன் நான் தலையை எண்ண மாட்டேன், செருப்பைத்தான் எண்ணுவேன். இந்தப் பிள்ளைகளின் தலையை எவன் எண்ணுவது? ஒருத்தி எழுந்து ஆடுவாள், ஒருத்தன் சீட்டுக்கு அடியில் குனிந்திருப்பான், மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் அடைந்து கிடப்பார்கள். எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் இடம் மாறிவிடுவார்கள். செருப்பு அப்படியா, வைத்த இடத்தில் கிடக்கும். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த டூரிலும் முதல் நாள் காலையில் மைக்கை வாங்கிப் பேசினேன். ஆத்தூர்ப் பக்கத்துக் காலேஜ் அது. நாற்பத்தாறு பிள்ளைகள், கூட ஒரு சார், ஒரு மேடம்.

"நாப்பத்தெட்டு ஜோடி செருப்ப எண்ணாம இந்த வண்டி ஒரு அடி நகராதுங்க. என்னைய நம்பி எங்க வேணாலும் எறங்கிப் போங்க" என்றேன்.

பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் கொடைக்கானலிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். மத்தியானம் பரமத்தி வேலூர் பாலத்தில் ஏறும்போது காவிரி பிள்ளைகள் கண்ணில் பட்டுவிட்டது. குளித்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடி. சார் வேண்டாம் என்றார். மேடம் அரை மணி நேரம் என்றார். நடுவில் புகுந்து, எனக்குத் தெரிந்த படித்துறை ஒன்று இருக்கிறது, முழங்கால் அளவுதான் தண்ணீர், பயமில்லை என்று சொன்னவன் நான். ஊரைத் தாண்டி மேற்கே ஆற்றங்கரை ரோட்டில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அவர்கள் இறங்கி ஓடினதும் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

மேடம்தான் வந்து எழுப்பினார். எல்லாரும் ஏறிவிட்டார்கள், பாட்டு அலறிக்கொண்டிருந்தது. குனிந்து பெட்டியை எண்ணினேன். நாற்பத்தெட்டு ஜோடி. சார் கணக்குச் சரியா என்று கேட்டார்.

"சரிங்க" என்றேன். வழக்கம்போல இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பெரிய ரோட்டைப் பிடித்து, பரமத்தி தாண்டி, நாமக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். என் சீட்டுக்குப் பக்கத்துப் பலகையில் பிள்ளைகள் போன்களை சார்ஜ் போட்டிருப்பார்கள். அதில் ஒன்று அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. யாருடையது, வந்து எடுத்துத் தொலையுங்கள் என்று கத்தினேன். யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை சார் எழுந்து வந்து பார்த்தார். 'அம்மா' என்று எழுதியிருந்தது. போனைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெண், அது தன் கூட்டாளியின் போன், அவள் கடைசி சீட்டில் தூங்குகிறாள் என்றாள். கடைசி சீட்டில் இருந்தவர்கள், அவள் முன்னால் உன் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்றார்கள்.

பாட்டை நிறுத்தினேன். வண்டியை ஓரம் கட்டினேன். சார் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பிள்ளைகள் நாற்பத்தைந்துதான்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செருப்புகள் எல்லாம் ஈரமும் மணலுமாகக் கிடந்தன. அடியில் ஒரு ஜோடி மட்டும், நீலப் பட்டை வைத்தது, பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் வெறுங்காலோடு இறங்கி ஓடியிருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். செருப்பு வண்டியிலேயே இருந்தது, பிள்ளை ஆற்றில் இருந்தது, நான் சரிங்க என்று சொல்லிவிட்டு எடுத்திருக்கிறேன்.

போன் மறுபடி அடித்தது. சார் அதை என் பக்கம் நீட்டினார், கையில் நெருப்பு இருக்கிற மாதிரி. வண்டி முழுக்க என்னையே பார்த்தது. வாங்கி, நான் டிரைவர் பேசுகிறேன் என்றேன். அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள், பாப்பாவிடம் கொடுங்கள் என்றார்.

"பாப்பா தூங்குதுங்க" என்றேன்.

"தூங்கட்டும் சார், எழுப்பாதீங்க. மூணு நாளா தூங்கியிருக்க மாட்டா. பாத்து கூட்டிட்டு வந்துடுங்க."

அடப் பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போலீசுக்குச் சொல்லலாம் என்றேன். முதலில் போய்ப் பார்ப்போம், காலேஜ் பெயர் கெட்டுவிடும் என்றார் சார். சரி, திரும்பலாம் என்றால் எங்கே திரும்புவது? நாலு வழிச் சாலை, நடுவே அரளிச் செடியும் தடுப்புச் சுவரும். அவ்வளவு பெரிய வண்டி. அந்தப் பிள்ளையிடம் போவதற்காக அந்தப் பிள்ளையை விட்டு இன்னும் தூரமாக நாமக்கல் பக்கம் ஓட்டிக்கொண்டே போனேன். இடைவெளி வரவே இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் என் கன்னத்தில் அறைந்தது. திரும்பும் இடம் வந்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னால் மேடம் முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தார். சார் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, நீங்கதானே எண்ணினீங்க என்று மூன்று தடவை கேட்டார். அத்தனை பயத்துக்கு நடுவில், என் லைசென்ஸ் போய்விடுமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. மனுஷ ஜென்மமா நான் என்று அருவருப்பாக இருந்தது.

படித்துறையில் யாரும் இல்லை. பிள்ளைகள் இறங்கி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த கல்லில் ஒரு மஞ்சள் துப்பட்டா சிக்கி மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அந்தக் கூட்டாளிப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பேன்ட் சட்டையோடு இறங்கினேன். முழங்கால் அளவு என்று நான் சொன்ன தண்ணீர் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் கழுத்துக்கு வந்தது. அடியில் காலால் துழாவினேன். எதுவும் என் காலில் பட்டுவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே துழாவினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யார் கூப்பிட்டும் நான் கரை ஏறவில்லை.

மேடத்துக்கு என்ன தோன்றியதோ, வண்டியில் ஏறி ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் வண்டி ஹார்ன் தனிச் சத்தம், தூரத்துக்குக் கேட்கும். அது ஓய்ந்ததும் மேற்கே நாணல் புதருக்குள்ளிருந்து மெலிசாக ஒரு குரல் வந்தது. "அண்ணா..."

கரையேறி ஓடினேன். புதருக்குப் பின்னால் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, எல்லாம் காலைச் சுற்றி மணலில் இருந்தது. குளிக்கும்போது துப்பட்டா ஆற்றோடு போய்விட, துணி மாற்ற மறைவு தேடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். மாற்றி முடிக்கும்போது நான் அடித்த இரண்டு ஹார்ன் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். எவனோ குடித்துவிட்டு உடைத்த பாட்டில், வெறுங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. வண்டி கிளம்பிப் போகிற சத்தத்தை அங்கே விழுந்து கிடந்தபடி கேட்டிருக்கிறாள். ஏம்மா ஒரு சத்தம் போடவில்லை, கரையில் போகிற யாராவது வந்திருப்பார்களே என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் நாலு பேர் குடிச்சிட்டு இருந்தாங்கண்ணா. கத்துனா இங்க வந்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. நீங்க எண்ணிப் பாத்துட்டு வந்துடுவீங்கன்னு தெரியும். அதான் வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தேன்."

என் உயிர் அங்கேயே போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வரும்போது அழுதேன். வலிக்கிறதா அண்ணா, கனமாக இருக்கிறேனா என்று அவள் என்னைக் கேட்டாள்.

பரமத்தி வேலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். அங்கிருந்தே அவள் அம்மாவிடம் பேசினாள். மறுபடி கிளம்பியபோது, அண்ணன் எண்ணினதால்தான் பிழைத்தேன் என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். இல்லை, உன் போன் அடித்துத்தான் தெரிந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வெளியே யாரிடமும் எதுவும் பேசக்கூடாது என்று சார் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

காலேஜ் வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொருவராகச் செருப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கட்டுப் போட்ட காலில் செருப்பு நுழையாது. பெட்டியில் நீலப் பட்டை வைத்த ஜோடி மட்டும் மிஞ்சியது. கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு இறங்கினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

அவள் அம்மா வேகமாக என்னிடம் வந்தார். வயக்காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருப்பார் போல, புடவையில் மண் ஒட்டியிருந்தது.

"பாப்பா எல்லாம் சொன்னா சார். நான் பதறிடக் கூடாதுன்னு தூங்குறான்னு சொன்னீங்களே, அது கூட இப்பதான் புரியுது. வேற டிரைவரா இருந்தா எண்ணிப் பாத்திருப்பாங்களா?"

எண்ணினேன் அம்மா, சரியாக இருந்தது, அதனால்தான் விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். திருப்பிக் கும்பிட எனக்குக் கை இல்லை. இரண்டிலும் அவர் மகளின் செருப்பு இருந்தது.

"சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.