கஜலட்சுமி அக்காவின் அமர்வு

கஜலட்சுமி அக்கா எதை எழுதினாலும் தாளின் மேல் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் தொடங்குவார். லீவுக் கடிதமானாலும் நூலகத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலானாலும் அப்படித்தான். அவர் எங்கள் கடைக்கு டைப் பண்ணக் கொண்டு வரும் தாள்களில் பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்து வந்திருக்கிறேன். அழகுக்காக விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது. அந்த இரண்டு வரிகளும் அவர் வேலை செய்யும் இடத்துப் பெரியவரான செல்லப்பா சேரின் பெயருக்கும் பதவிக்கும் உரியவை. மற்றதெல்லாம் எழுதி முடித்த பிறகு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பையிலிருந்து வேறொரு பேனையை எடுத்து அதை எழுதுவார்.

கடை நிஸாம் நானாவுடையது. கண்டி டவுனில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம். ஃபோட்டோ கொப்பி, டைப்பிங், பைண்டிங் எல்லாம் செய்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வந்து இங்கேதான் டைப் பழகினேன். வருகிறவர்களோடு பேசுவதைவிட அவர்கள் கொண்டு வரும் தாள்களைப் பார்ப்பது எனக்கு இலகு. அப்படித்தான் அக்காவின் கதையும் எனக்குத் தெரிய வந்தது.

அக்கா ஹேவாஹெட்டப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். உயர்தரம் வரை படித்தார். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. டவுனில் உள்ள ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் நூலக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். வேலை கொடுத்தவர் அதன் இயக்குநரான செல்லப்பா சேர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படாத மனிதர், யார் எதைக் கேட்டாலும் மறுக்காமல் “ஓம்” என்பார். புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்குவது, வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, தேவைப்பட்டால் தேநீர் ஊற்றுவது, இவைதான் அக்காவின் வேலை. வத்தேகமயில் ஒரு அறை எடுத்து இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அவருடைய மூத்த சகோதரி சஞ்சீவனி, தலைப்பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு இறந்து போனார். பிள்ளையும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உயிர் போனது என்று மரணச் சான்றிதழ் சொன்னது. வீட்டிலும் அதையே நம்பினார்கள். வெகு காலம் கழித்து, அந்த லொறியில் கூடப் போன தோட்டத்து மருத்துவிச்சி பரிமளம் அம்மா அக்காவைத் தேடி வந்து நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு அக்கா சனிக்கிழமைகளில் பஸ் ஏறத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பிரசவ வலியோடு லொறியிலும் ட்ரக்டரிலும் போன பெண்கள் சொன்னதை எழுதி வந்தார். ஆறு வருடத்தில் முப்பத்தெட்டுப் பேர். எல்லாவற்றையும் நான்தான் டைப் பண்ணினேன். சில தாள்களை ஒரே மூச்சில் டைப் பண்ண என்னால் முடியவில்லை.

மலைநாட்டு மக்களைப் பற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்டியில் ஓர் ஆய்வு மாநாடு நடக்கிறது. சுகாதாரப் பகுதியின் பெரிய ஆட்களும் வருவார்கள். பேசியவை புத்தகமாக அச்சிடப்படும். போன மாநாட்டுக்கு அமர்வுகள் கேட்டு அறிவித்தல் வந்தபோது, அக்கா அதைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்து விரித்தார். அமர்வுக்கு ஒரு தலைப்பு, ஒரு பக்க விளக்கம், மூன்று பேச்சாளர்களின் சுருக்கம், தலைமை தாங்குபவரின் பெயர். பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

“இங்க பாரு புள்ள, யாரும் பேசலாமாம். பரிமளம்மாவும் பேசலாம்,” என்றார். அவர் அப்படிச் சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பரிமளம் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இருதய வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக்குக்காகக் கண்டிக்கு வருவார், மருந்து எடுத்த பிறகு எங்கள் கடைக் கதிரையில் வந்து உட்கார்ந்து இளைப்பாறுவார். அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. சஞ்சீவனி எங்கே, எப்படி இறந்தாள் என்பதை, உயிரோடு இருக்கும்போதே, பெரிய ஆட்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கிழவியின் பேச்சு என்று யாரும் ஒதுக்காதபடி அது அச்சில் வர வேண்டும். அக்காவும் பரிமளம் அம்மாவும் போக, மூன்றாவது பேச்சாளராகச் சமூகவியல் படிப்பிக்கும் ஆஸிகா மிஸ் சம்மதித்தார்.

“பேச எத்தன நேரம் குடுப்பாங்க?” என்று பரிமளம் அம்மா கேட்டார்.

“பத்து நிமிஷம்மா.”

“பத்து நிமிஷத்துல ஒரு புள்ளயே பொறந்துரும். பேச முடியாதாக்கும்?”

நிஸாம் நானா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “அப்ப பேசிக் காட்டுங்க பாப்போம், உம்மா.”

“இப்ப இல்ல. இப்பவே சொல்லிட்டா அங்க போயி சொல்ல வராது,” என்று அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். நிஸாம் நானா ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்ததும் அக்கா வந்துவிட்டார். தலைப்பு, விளக்கம், சுருக்கங்கள் எல்லாம் ஏற்றினேன். தலைமை தாங்குபவர் என்ற இடம் வந்தது. அக்கா சேரின் பெயரைச் சொன்னார். என் கை நின்றது. மற்றவர்கள் கொண்டு வருவதைப் பற்றி நான் வெளியே பேசுவதில்லை. அன்றைக்கு மெதுவாகச் சொன்னேன்.

“அக்கா, சேர் பேரு ஏற்கனவே ஒரு அமர்வுல இருக்கு. திலக்ஷன் போன கிழம இங்கதான் அனுப்புனாரு. ஒருத்தர் ஒரு அமர்வுக்குத்தான் தலைம தாங்கலாம்னு போட்டிருக்கு.”

திலக்ஷன் அந்த நிலையத்தில் ஆய்வு மாணவர். அக்கா யோசித்தார்.

நிஸாம் நானா பைண்டிங் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து சொன்னார், “அப்ப ஒங்கட பேரப் போடுங்களேன். மல மலையா ஏறி எறங்கினது நீங்கதானே? சேருக்கு ஹேவாஹெட்ட பஸ் எங்க நிக்கிதெண்டாலும் தெரியுமா?”

“சும்மா இருங்க நானா. தோட்டத்து லயத்துல பொறந்தவ மேடையில நடுவுல ஒக்காந்தா அந்தக் கதிரையே சிரிக்கும்.”

“கதிர சிரிச்சா எனக்கிட்டச் சொல்லுங்க, நான் வந்து அதோட பேசுறன்.”

அக்காவும் சிரித்தார். ஆனாலும் போனை எடுத்தார். சேரின் குரல் எனக்கும் கேட்டது.

“ஆர், கஜலட்சுமியோ? ஓம் ஓம், போடுங்கோ. திலக்ஷன்ர விசயம் தெரியும். நான் மாநாட்டுக்காரரோட கதைக்கிறன்.”

சேரின் பெயரை அடித்தேன். பத்து நிமிடம் மிச்சம் இருக்க அனுப்பினோம். சேர் யாரோடும் கதைத்தாரா என்று பிறகு அக்கா கேட்கவில்லை. ஒருநாள் நானே கேட்டதற்கு, “பெரிய மனுசர்கிட்ட ஒரு விசயத்த ரெண்டாந்தரம் கேக்க ஏலாது புள்ள,” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா மின்னஞ்சல் பார்ப்பது எங்கள் கடையில்தான். கடிதம் மரியாதையாகவே இருந்தது. அமர்வு பொருத்தமானது, ஆனால் தலைமை தாங்குபவரின் பெயர் முதலில் கிடைத்த வேறோர் அமர்வில் இருக்கிறது, ஏழாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்குள் வேறொருவரின் பெயரைத் தந்தால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்த இடம் காத்திருப்போருக்குப் போய்விடும்.

நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். ஒரு பெயரை மாற்றினால் போதும். ஆஸிகா மிஸ்ஸும் போனில், “என் பேரையாவது போடுங்க கஜலட்சுமி, இல்லாட்டி உங்க பேரைப் போடுங்க,” என்றார்.

“சேரக் கேட்டுட்டுப் போட்டுர்றேன் மிஸ்,” என்றார் அக்கா.

சேர் அப்போது நாட்டில் இல்லை. வெளிநாட்டில் வேறொரு மாநாட்டுக்குப் போயிருந்தார். அக்கா அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, என்னிடம் காட்டி, வணக்கத்தை இன்னும் மரியாதையாக்கி, பிறகுதான் அனுப்பினார். சேர் அதைப் பார்த்ததற்கு அடையாளம் எதுவும் வரவில்லை. அக்கா மத்தியான இடைவேளையில் தினமும் கடைக்கு வந்து போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்காம் நாள் நிஸாம் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

“மனுசன்ட பேர எடுக்கத்தானே போறீங்க? தலையையா எடுக்கப் போறீங்க?”

“அவரக் கேட்டுத்தானே போட்டேன் நானா. கேக்காம வெட்டுனா, வேலை குடுத்தவரத் தூக்கி எறிஞ்ச மாதிரி ஆயிரும். நாளைக்கி அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?”

“இன்னொருக்கா ஒரு மெசேஜ் போடுங்களேன்.”

“ஒருக்கா சொன்னது போதும். அவசரப்படுத்துற மாதிரி இருக்கும்.”

ஏழாம் நாள் மழை. அக்கா குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெயரை மாற்ற வேண்டிய இணையப் பக்கத்தை நான் திறந்தே வைத்திருந்தேன். ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை அடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான்கு மணி தாண்டியதும் அந்தப் பக்கம் எதையும் ஏற்கவில்லை. அக்கா குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சேரின் பதில் மறுநாள் காலையில் வந்தது. ஒரு வரிதான். “தாராளமா மாத்துங்கோ, இதுக்கெல்லாம் என்னைக் கேக்க வேணுமே?”

அக்கா அதை எனக்குக் காட்டினார். பிறகு போனைப் பையில் போட்டார். மாநாட்டுக்காரர்களுக்கு நடந்ததை விளக்கிக் கடிதம் எழுதலாம் என்று ஆஸிகா மிஸ் சொன்னபோதும் சம்மதிக்கவில்லை. எழுதினால் குற்றம் சேரின் மேல் விழும் என்றார்.

அடுத்த கிளினிக் நாளில் பரிமளம் அம்மா வந்தார். அக்கா அவர் காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

“நம்ம அமர்வு இல்லம்மா. என்னாலதான்.”

பரிமளம் அம்மா மருந்துப் பையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு நிஸாம் நானாவைப் பார்த்து, “அந்த மெஷின நிப்பாட்டுங்க தம்பி,” என்றார். கொப்பி மெஷின் நின்றது. அவர் எழுந்து நின்றார்.

“சஞ்சீவனிக்கி விடிய வலி கண்டுச்சு. நான்தான் லொறி கேட்டு வாங்குனேன். போற வழியில ஃபெக்டரி வாசல்ல நிப்பாட்டச் சொன்னாங்க. தேயிலச் சாக்கு ஏத்தணும், எப்படியும் டவுனுக்குத்தானே போகுதுன்னாங்க. நான் எறங்கிப் போயி கும்பிட்டேன். கொஞ்சம் பொறுன்னாங்க. நாப்பது சாக்கு. அவ என் கையப் பிடிச்சிக்கிட்டு, ஏத்துற சாக்க எண்ணிக்கிட்டு இருந்தா, இன்னும் எத்தனன்னு தெரியணும்னு. இருபத்திரெண்டு வரைக்கும் எண்ணுனா. அதுக்கப்புறம் எண்ணல. மிச்சம் சாக்கையும் ஏத்திட்டுத்தான் போனாங்க. ஆஸ்பத்திரிக்கிப் போய்ச் சேரும்போது ஒடம்பு ஆறிப் போயிருந்துச்சு. உசுரோட கொண்டு போனதா எழுதி தோட்டத்துக்காரங்க என்னக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. தோட்டத்து வேல, தோட்டத்து வீடு, எனக்கு ரெண்டு புள்ளைங்க. போட்டேன். அது பொய். அதச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

பத்து நிமிடம் ஆகவில்லை. கொப்பி எடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றார். எங்களில் யாருக்கும் போனை எடுத்துப் பதிவு செய்யத் தோன்றவில்லை. அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நல்லாப் பேசுனேனா?” என்று அவர் கேட்டார்.

“நல்லாப் பேசுனீங்கம்மா,” என்றார் அக்கா.

மாநாடு மார்கழியில் நடந்தது. நிலையத்து ஊழியர் என்பதால் அக்கா வாசல் மேசையில் இருந்து, வந்தவர்களுக்குப் பெயர் அட்டையும் பையும் கொடுத்தார். திலக்ஷனின் அமர்வுக்குச் செல்லப்பா சேர் தலைமை தாங்கினார். மாசியில் பரிமளம் அம்மா வீட்டில் இறந்து போனார். அக்காவும் நானும் பஸ்ஸில் போய் வந்தோம். வழியில் அந்தத் தோட்டத்து ஃபெக்டரியைக் கடந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இப்போது அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. சேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்த மாநாட்டுக்கு அமர்வுகள் கேட்டு அறிவித்தல் வந்து மூன்று கிழமையாகிறது. ஆஸிகா மிஸ் இரண்டு தடவை கேட்டுவிட்டார். சேர் இல்லாமல் தலைமைக்கு யார் பெயரைப் போடுவது என்கிறார் அக்கா, ஒன்றும் அனுப்பவில்லை. முப்பத்தெட்டுப் பெண்கள் சொன்னதும் பரிமளம் அம்மாவின் ஒரு பக்கச் சுருக்கமும் நூலகத்து இரும்பு அலுமாரியில் ஒரு ஃபைலில் இருக்கின்றன. சஞ்சீவனி ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்றுதான் சான்றிதழில் இன்றைக்கும் இருக்கிறது.