குஞ்சம்மாள் சலித்த உரம்

உள்ளதைச் சொல்லிவிடலாம். மறியலுக்காகப் புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தவர்களில் சுப்புராயனும் ஒருவர். அவர் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு அந்த எண்பத்தேழு செப்டம்பரில் ஊர் ஊராகச் சாலையில் உட்கார்ந்திருந்தபோது, கள்ளக்குறிச்சிக்காரரான அவர் மட்டும் வீட்டில் படுத்திருப்பாரா? கோடாலியைப் போட்ட வேகத்தில், தன் வயலுக்கு உரம் ஏற்றிவரும் லாரியும் அதே சாலையில்தான் வந்தாக வேண்டும் என்பது மனிதருக்கு மறந்தே போயிற்று.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. குத்தகை நிலம், அதிலும் சத்துப் போன மண். அடியுரம் இல்லாமல் நட்டால் விளையாது. நடாமல் விட்டால் நாற்று வீண். போன போகமும் பொய்த்திருந்ததால், இந்தத் தடவையும் தவறினால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

கைக்கெட்டும் தூரத்தில் உரம் இருந்த இடம் ஒன்றுதான், டவுன் பஞ்சாயத்தின் உரக்கிடங்கு. ஓட்டல் எச்சில் இலை, மார்க்கெட்டில் அழுகிய காய்கறி, தெருவில் கூட்டிய சருகு எல்லாவற்றையும் குழியில் அடுக்கி, சாணி கரைத்து ஊற்றி மக்க வைப்பார்கள். சுப்புராயன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. குப்பை வண்டி தன் வரப்போரம் போனாலே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறவர். இப்போது அதே மூக்கோடு போய் நின்றார்.

அங்கே வேலை பார்த்த குஞ்சம்மாள், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட காலனியைச் சேர்ந்தவள். சல்லடையை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க, வழி தவறி வந்துட்டீங்களா?"

"ஒரம் வேணும். நாத்து முத்திக்கினு கெடக்குது."

அவள் குத்திக்காட்டியிருக்கலாம். செய்யவில்லை. "ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டீங்களே, அந்தத் தழையக் கொணாந்து இங்க போடுங்க. சருகு இல்லாம குழி நாறிக்கினு கெடக்குது. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன், ஒரத்த ஏத்திக்கினு போங்க" என்றாள்.

சாலை அடைபட்டுக் கிடந்ததால், வாய்க்கால் மேட்டு வழியாகவே மாட்டு வண்டி தழையோடு போய் உரத்தோடு வந்தது. உரம் கறுப்பாக, நாற்றமே இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. சேற்றோடு கலந்து பரம்படித்துச் சமன் செய்தார். ஆனால் நடவுக்கு வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஊர்க் குப்பைங்க இது. பிளேடு, கண்ணாடி எல்லாம் கெடக்கும். கால வெக்க மாட்டோம்" என்றாள், அவர்களைக் கூட்டி வந்த தைலம்மாள்.

அவர்கள் மேல் தப்பில்லை. கடைசி வண்டியோடு வந்திருந்த குஞ்சம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாள். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை, திரும்ப அங்கிருந்து இங்கே என்று வயல் முழுக்க மிதித்து நடந்தாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

"என் கையால சலிச்சதும்மா. எறங்குங்க."

தைலம்மாள் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். கல்வராயன் மலைக்குப் பின்னால் பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. நிலம் கைவிட்டுப் போகாது என்று தெரிந்ததும் சுப்புராயனுக்குக் கண் கலங்கியது.

குஞ்சம்மாள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சேறு கரைந்ததும் அவர் பார்த்தார். பாதம் முழுக்கத் தழும்பு.

"இன்னா இதெல்லாம்?"

"குழிய மிதிக்கிறப்போ குத்தினதுங்க. தட்டுப்பட்டா எடுத்துப் போட்டுடுவேன். எனக்குக் குத்தினது எதுவும் உங்க வயல்ல இல்லீங்க."

சுப்புராயன் செம்பில் தண்ணீர் மொண்டு குனிந்தார்.

"கால நீட்டுக்கா" என்றார்.

நடவுப் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் ஊற்றினார்.